கரண்டி மாமா கையில் தராத உப்பு

உப்புக்குப் பயந்த மனிதர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள். இன்னொரு வகை, கரண்டி மாமா. இந்த இரண்டாவது வகையில் அவர் ஒருவர்தான். அவருக்கு முன்னால் யாரும் இருந்ததில்லை, இனிமேலும் யாரும் வரப்போவதில்லை. இதில் வேடிக்கை, அவருடைய தொழிலே உப்புதான்.

மரக்காணம் உப்பளத்தில் அவர் மேஸ்திரி. விடிந்தால் உப்பு, பொழுது சாய்ந்தால் உப்பு. முழங்கால் ஆழத்துக்கு உப்புத் தண்ணீரில் நிற்பார். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாவிட்டால் பாத்தியிலிருந்து ஓர் உப்புக்கல்லை எடுத்து நாக்கில் வைத்துக்கொள்வார். அதற்கெல்லாம் பயமில்லை. உப்பை எடுத்து இன்னொருவர் கையில் கொடுப்பது, அது ஒன்றுதான் அவருக்கு ஆகாது.

கையில் உப்பு கொடுத்தால் சண்டை வரும் என்பது எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். சொல்லிவிட்டு, அவசரம் என்றால் கொடுத்தும் விடுவோம். அப்புறம் சண்டை வந்தால் அதற்கு வேறு ஏதாவது காரணம் கண்டுபிடிப்போம். கரண்டி மாமாவிடம் அந்தச் சமாதானமெல்லாம் கிடையாது. சாயங்காலம் எக்ஸெல் வண்டியில் உப்பு ஏற்றிக்கொண்டு அனுமந்தை, கூனிமேடு என்று சுற்றி விற்பார். கருவாடு போடுகிறவர்கள் மூட்டையாக வாங்குவார்கள். மூட்டையென்றால் அவருக்கு நிம்மதி. சில்லறையாகக் கேட்டால்தான் வினை. "பாத்திரத்தைக் கீழ வெச்சிட்டு அப்பிடி நவுந்துக்கங்க" என்பார். வாங்குகிறவர் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். இவர் வண்டியின் பக்கவாட்டில் செருகியிருக்கும் நீளக் கரண்டியை உருவி, அதில் உப்பை அள்ளி, யானைக்குச் சோறு ஊட்டுகிறவர் மாதிரி கையை நீட்டிப் பாத்திரத்தில் கொட்டுவார்.

அந்தக் கரண்டியைக் கூனிமேட்டில் ஒரு பிரியாணி மாஸ்டரிடம் கெஞ்சி வாங்கியதாகக் கேள்வி. நூறு பேருக்கு ஆக்குகிற அண்டாவின் அடிவரை போய்க் கிளறுகிற கரண்டி அது.

"இத்தினி நீட்டு கரண்டியில நீ என்னாத்தை சமைக்கப் போற?" என்று பாய் கேட்டாராம்.

"சமைக்க இல்ல பாய். தூரத்துக்கு" என்றாராம் இவர்.

அன்றிலிருந்து அவர் கரண்டி. ரேஷன் கார்டில் இருக்கும் பெயர் ரேஷன் கடைக்காரருக்கே மறந்துபோனது. எங்கள் அம்மாவை அவர் அக்கா என்று கூப்பிடுவதால், எனக்குக் கரண்டி மாமா. அவர் என்னைக் கூப்பிடுவது 'காலேஜு'. எங்கள் தெருவிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே நான்தான் முதல். அதை நான் சொல்லிக்கொள்கிறேனோ இல்லையோ, அவர் உப்போடு சேர்த்து ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்தார்.

கொரோனா வந்தபோது, ஆளுக்கு ஆள் மூன்றடி தள்ளி நில்லுங்கள் என்று எல்லா ஊரிலும் சொன்னார்கள். எங்கள் தெருவில் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சோதனைக்கு வந்த அலுவலர் ஒருவர், கரண்டி மாமா உப்பு விற்பதைப் பார்த்து அசந்துபோய், "இவரைப் பாத்துக் கத்துக்கங்க!" என்று மைக்கில் சொன்னார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "கவர்மென்ட்டே ஒத்துக்கிச்சு" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எங்கள் சித்தப்பா மகள் கல்யாணத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பந்தியில் கடைசி இலைக்காரர் ஒருவர், "தம்பி, கொஞ்சம் உப்பு" என்று கையை நீட்டினார். பரிமாறுகிறவர் அவசரத்தில் அந்தக் கையிலேயே வைக்கப் போனார். எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கரண்டி மாமா, "டேய்!" என்று கத்தியபடி எழுந்து, இரண்டு இலைகளைத் தாண்டிப் பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். உப்பு பறந்துபோய் மாப்பிள்ளையின் தாய்மாமன் பாயசத்தில் விழுந்தது. தாய்மாமன் ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்தவர், பெண் வீட்டார் தன்னை அவமானப்படுத்திவிட்டதாகச் சொல்லிச் செருப்பைத் தேட ஆரம்பித்தார். பொழுது சாயும்வரை சமாதானம் பேசினார்கள். எல்லாம் அடங்கிய பிறகு கரண்டி மாமா என் அம்மாவிடம் வந்து மெதுவாகச் சொன்னார்:

"பாத்தியாக்கா? கையில விழாமலே இம்மாஞ் சண்டை. விழுந்திருந்தா?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவருக்கு இந்தப் பயம் வந்த கதை தெருவுக்கே தெரியும், அவரே சொல்லுவார். கல்யாணமான புதிதில், சீசனின் முதல் உப்பு வாரிய நாளில், புதுப்பெண்டாட்டி உப்பளத்தைப் பார்க்க வந்திருக்கிறாள். இவர் பெருமையில் ஒரு கை உப்பை அள்ளி அவள் உள்ளங்கையிலேயே வைத்துவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டில் சண்டை. மகள் பவித்ரா தவழ்ந்துகொண்டிருந்தபோது அந்தம்மா தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. ஊர்ப் பெரியவர்கள் பேசி உறவை அத்துவிட்டார்கள். இப்போது வேறு ஊரில், வேறு குடும்பத்தோடு நன்றாக இருக்கிறாள்.

"அது நல்ல பொம்பளம்மா. தங்கம். நான்தான் உப்பைக் கையில குடுத்துத் தொலைச்சிட்டேன்." அவளைப் பற்றி ஒரு குறை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அதோடு மனுஷன் சண்டையையே விட்டுவிட்டார். பக்கத்து வீட்டு ஆடு வந்து அவர் வீட்டு முருங்கைக் கன்றை மொட்டையடித்தது. ஆட்டுக்காரி மன்னிப்புக் கேட்க வருவதற்குள் இவரே போய், "ஆட்டுக்கு ஒண்ணும் செரிக்காம போயிடலியே?" என்று விசாரித்துவிட்டு வந்தார். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம், "உங்க செருப்பு அறுந்துடலியே?" என்று கேட்பார். மகளிடம் ஒருநாள்கூடக் குரல் உயர்ந்தது கிடையாது. பவித்ரா கணக்கில் ஃபெயிலான அன்றுகூட, "கணக்கு அப்பிடித்தான் பாப்பா, ஒரு நேரம் இல்லன்னா ஒரு நேரம் வரும்" என்றார், அது என்னவோ ஊருக்குப் போயிருக்கிற சொந்தக்காரர் மாதிரி.

மகளை வளர்த்ததையும் சொல்ல வேண்டும். தலைபின்ன அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்த ஒரே கட்டு, உப்பு மூட்டையின் வாயைக் கட்டுகிற கட்டு. அதையே மகள் தலையில் போட்டார். பத்தாம் வகுப்பு வரைக்கும் பவித்ராவின் பள்ளிக்கூடப் போட்டோக்களைப் பார்த்தால், புருவம் இரண்டும் மேலே ஏறி, யாரோ திடுக்கென்று ஒரு செய்தி சொன்ன மாதிரியே இருப்பாள். ஆனால் அந்தப் பின்னல் அவிழ்ந்ததாகச் சரித்திரம் இல்லை. கபடியில் மற்ற பெண்களெல்லாம் பேயாகத் திரும்புவார்கள். பவித்ரா போன தலையோடு வருவாள்.

அவள் வயதுக்கு வந்த அன்று, மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் கரண்டி. ஏன் எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அக்கா... பாப்பா..." என்றார். அதற்குமேல் வரவில்லை. அம்மா புரிந்துகொண்டு ஓடினாள். இவர் நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "டிவியில விளம்பரம் வர்றது எல்லாத்துலயும் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கினார். கடைப்பையன் வழக்கப்படி பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டான்.

"என்னாத்துக்குப்பா இது? நான் இன்னா திருடிக்கினா போறேன்?" என்று கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் எக்ஸெல் வண்டியின் முன்னால் அடுக்கிக்கொண்டு, பட்டப்பகலில் தெரு நடுவே ஓட்டி வந்தார். சிரித்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடையில் கறுப்புக் கவர் கேட்கவும் இல்லை.

இப்படிப்பட்ட, ஈயைக்கூட அதட்டாத மனிதருடைய பாதையில்தான் கலா அக்கா கடை போட்டாள்.

உப்பளத்துக்குத் திரும்புகிற முனையில், ஈசிஆர் ரோட்டோரத்தில் ஒரு டிபன் கடை. அனுமந்தைக்காரி. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம், குழந்தை இல்லை. தோசை நன்றாக இருக்கும், சட்னி அதைவிட நன்றாக இருக்கும், வாய்தான் எல்லாவற்றையும் மிஞ்சும். கலா அக்காவுக்குச் சண்டை என்பது கோபம் இல்லை, மூச்சு. காலையில் பால்காரரோடு ஆரம்பித்து லாரி டிரைவர்கள் வழியாக கேஸ் சிலிண்டர் போடுகிறவரோடு முடிப்பாள். சண்டை போடாத ஆளை அவள் நம்ப மாட்டாள். 'மனசுல என்னத்தையோ வெச்சிக்கினு இருக்கான்' என்பாள்.

கடைக்கு உப்பு கொடுக்க மாமா போன முதல் நாளே, "கையில ரெண்டு கல்லு போடுய்யா, பாக்கலாம்" என்று கையை நீட்டினாள். மாமா ஓரடி பின்னால் போனார். அவள் ஓரடி முன்னால் வந்தாள். இவர் மறுபடி பின்னால் போனார். இப்படியே போய், ரோட்டோரக் கால்வாயில் மல்லாக்க விழுந்தார்.

"ஏய்யா, என் கையில இன்னா பாம்பா இருக்குது?" என்று மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இல்லீங்க. கை நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார் மாமா, கால்வாய்க்குள் இருந்தபடியே.

அந்தப் பதிலில்தான் கலா அக்கா விழுந்தாள் என்பது என் கணிப்பு. அவளிடம் கேட்டால், "நானா? அந்தாளுதான் விழுந்தான், ஊரே பாத்துது" என்பாள்.

மறுநாளிலிருந்து மாமா காலை டிபன் அங்கேதான். அவளும் அவரைச் சண்டைக்கு இழுக்க எவ்வளவோ பார்த்தாள். தீய்ந்த தோசையை வைத்தாள்.

"நல்லா இருக்குதுங்க. மொறுமொறுன்னு" என்றார்.

ஆறிப்போன இட்லியை வைத்தாள்.

"நல்லா இருக்குதுங்க. வாய் சுடல."

கடைசியில் ஒருநாள் வேண்டுமென்றே உப்பே போடாத சாம்பாரை ஊற்றினாள். மாமா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்றார். கலா அக்கா சாம்பார்க் கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, லீவுக்கு ஊருக்கு வந்து இட்லி வாங்க நின்றிருந்த என்னைப் பஞ்சாயத்துக்கு இழுத்தாள்.

"நீயே சொல்லும்மா, படிச்ச பொண்ணு! உப்பளத்து மேஸ்திரி உப்பில்லாத சாம்பாரைக் குடிச்சிட்டு நல்லா இருக்குதுங்கறான். இவனை நான் இன்னான்னு எடுத்துக்கறது? நாக்கு இல்லியா, முதுகெலும்பு இல்லியா?"

"அக்கா, அவருக்கு உங்களைப் பிடிச்சிருக்குது" என்றேன்.

அவள் எறிந்த கரண்டியைத் தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டாள். மாமா எழுந்து கை கழுவப் போனவர், கை கழுவிக்கொண்டே இருந்தார். டிரம்மில் பாதித் தண்ணீர் காலி.

பவித்ராவுக்கு அதற்கு முன்பே தெரியும். பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்குத் தெரியாததா? பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கலா அக்கா கடையில்தான் உட்கார்ந்திருப்பாள். இவள் சட்னி அரைத்துக் கொடுப்பாள், அவள் இவளுக்குத் தலைபின்னி விடுவாள். பவித்ராவின் புருவம் அதனதன் இடத்துக்கு இறங்கியதே கலா அக்கா கடை வந்த பிறகுதான். பரீட்சை முடிந்து, பாண்டிச்சேரியில் நர்சிங் படிக்க இடமும் கிடைத்தது. ஹாஸ்டல். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் போகவேண்டும் என்கிற ஒன்றுதான் அவளுக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது.

கலா அக்கா சுற்றி வளைக்கிற ஆளில்லை. ஒருநாள் காலை, தோசைக்கல் பக்கத்தில் நின்றபடியே கேட்டுவிட்டாள்: "இந்தா மேஸ்திரி, பொண்ணும் ஹாஸ்டலுக்குப் போயிடும். நீ அங்க ஒண்டி, நான் இங்க ஒண்டி. மாலை மாத்திக்கலாமா?"

கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். மாமா கையிலிருந்த தோசைத் துண்டைப் பார்த்தார்.

"வேணாங்க. சண்டை வரும்" என்றார்.

"வரட்டுமே! சண்டை இல்லாத வூடு வூடா, இல்ல போஸ்ட் ஆபீஸா?"

"வேணாங்க."

கலா அக்கா அடுப்பை அணைத்தாள். "செங்கல்பட்டுல என் அண்ணன் மெஸ் வெக்கறான். வா வான்னு கூப்பிட்டுக்கினு இருக்கான். பவித்ரா ஹாஸ்டலுக்குப் போற அன்னிக்கே நானும் கடையை எடுக்கறேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

அந்தச் சமயம் பார்த்துக் கோடை மழை கொட்டித் தீர்த்தது. வாரிக் குவிக்க வேண்டிய உப்பெல்லாம் பாத்தியிலேயே கரைந்துபோனது. மழை விட்ட பிறகு தண்ணீரை வடித்து, பாத்தியை மறுபடி மிதித்து, கெட்டியாக்கி, உப்புத் தண்ணீர் பாய்ச்சி, முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஒரு சாயங்காலம், உப்பள வேலைக்குப் போயிருந்த அம்மாவுக்குத் தேநீர் கொண்டுபோனபோது மாமா தனியாகப் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார். நான் வரப்பில் உட்கார்ந்து கேட்டேன்.

"மாமா, நிஜமாகவே உப்பால்தான் எல்லாம் ஆச்சுன்னு நம்பறீங்களா?"

அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை. "பாப்பாவுக்கு அப்போ நாலு வயசு, காலேஜு. ஸ்கூல்ல எவனோ இன்னாவோ சொல்லிட்டான். அழுதுக்கினு வந்து, 'அம்மா ஏம்பா என்னை வுட்டுட்டுப் போச்சு'ன்னு கேட்டுச்சு. நான் இன்னா சொல்றது? அதுங்கம்மாவைத் தப்பா சொல்ல வாய் வரல. சுத்தி எல்லாம் உப்பா கெடந்துச்சு. உப்பைக் கையில குடுத்துட்டேன் பாப்பா, அதான்னு சொன்னேன். அழுவறத நிறுத்திடுச்சு."

"அப்போ சும்மா சொன்னதுதானா?"

"ஆரம்பத்துல சும்மாதான். சொன்னா காப்பாத்தணுமே? இன்னொருத்தர் கையில குடுக்கறதைப் பாப்பா பாத்துட்டா? அதுக்குத்தான் கரண்டி. அப்பறம் சொல்லிச் சொல்லி, எனக்கே நெசமா பயம் வந்துடுச்சு." சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "இப்ப நான் கலா கையில உப்பைக் குடுத்தா, பாப்பா இன்னா நெனைக்கும்? அப்போ உப்பு காரணம் இல்ல, அம்மாவே நம்மள வேணாம்னுதான் போச்சுன்னு தோணாதா? நல்லா படிக்கப் போற நேரத்துல அதை ஏன் அது தலையில ஏத்தணும்? நீ யாராண்டயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. காலித் தேநீர்த் தூக்கோடு திரும்பி வந்தேன்.

வெயில் ஏறியது. பாத்தியில் மறுபடி வெள்ளை படிந்தது. மழைக்குப் பிறகு முதல் உப்பு வாருகிற நாளும், பவித்ரா ஹாஸ்டலுக்குக் கிளம்புகிற நாளும் ஒன்றாக அமைந்தன. காலையில் வரப்பில் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்தார்கள். அம்மாவும் மற்ற பெண்களும் பலகையால் உப்பை இழுத்து ஒதுக்க, சின்னதாக ஒரு குவியல் எழுந்தது. முதல் உப்பில் ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். எல்லாரும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் மூன்றடி தள்ளி நின்றார்கள். மாமா கரண்டியால் கொட்டிக்கொண்டே வந்தார். வேலைக்காரர்களுக்குக் கடைசி டிபன் என்று கலா அக்கா இட்லிக் குண்டானோடு அந்தப் பக்க வரப்பில் நின்றிருந்தாள். கடையைப் பிரித்துக் கட்டி, மினி லாரியில் ஏற்றியாகிவிட்டது.

புதுச் சுடிதாரில் பவித்ரா வரிசையின் கடைசியில் வந்து நின்றாள். கையில் பாத்திரம் இல்லை.

"பாத்திரம் எங்க பாப்பா?"

"பாத்திரம் இல்லப்பா. கையில குடு." உள்ளங்கையை நீட்டினாள்.

மாமா கரண்டியோடு பின்னால் போனார். "வேணாம் பாப்பா. சண்டை வரும்."

"வரட்டும். நமக்குள்ள இது வரைக்கும் ஒரு சண்டை வந்திருக்குதா? ஹாஸ்டல்ல எல்லாப் பொண்ணுங்களும் எங்கப்பா அப்படித் திட்டிச்சு, இப்படித் திட்டிச்சுன்னு பேசுவாங்க. நான் இன்னா பேசறது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பவித்ரா சிரிக்கவில்லை.

"அப்பா, அம்மா உப்பால போவல. எனக்கு எட்டாவது படிக்கறப்பவே தெரியும்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"காலேஜு அக்கா ஒண்ணும் சொல்லல. எனக்கே தெரியும்" என்றாள் பவித்ரா. "உப்பு குடுத்தா சண்டை வரும்னா, சண்டை வந்தா புள்ளைய வுட்டுட்டுப் போவாங்களாப்பா? நம்ம தெருவுல எத்தினி சண்டை, யாரு போனாங்க?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீ எப்பப் பாத்தாலும் கரண்டியோட சுத்திக்கினு இருந்தியே. எனக்காவ ஒரு ஆளு இம்மாம் பெரிய கரண்டியத் தூக்கிக்கினு திரியுதேன்னு இருந்துச்சு. எப்பிடி கேக்கறது?"

மாமா கரண்டியை மெதுவாக வரப்பில் வைத்தார். குனிந்து, குவியலிலிருந்து வெறுங்கையால் உப்பை அள்ளினார். அது சிந்திச் சிந்தி, மகள் கைக்கு வந்தபோது பாதிதான் மிச்சம். பவித்ரா விரல்களை மூடிக்கொண்டாள். பிறகு எதிர் வரப்பைக் கண்ணால் காட்டினாள்.

அவர் இன்னொரு கை அள்ளினார். சுற்றிப் போக வரப்பு இருந்தது. மனுஷன் நேராகப் பாத்தியிலேயே இறங்கி, நாள்கணக்கில் தானே மிதித்துக் கெட்டியாக்கியதைத் தானே கலக்கிக்கொண்டு நடந்தார். "அய்யோ மேஸ்திரி, பாத்தி!" என்று யாரோ கத்தியது அவர் காதில் விழவில்லை. கலா அக்காவுக்கு முன்னால் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இந்தாங்க" என்றார்.

கலா அக்கா இட்லிக் குண்டானைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். உப்பு விழுந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் நிறைந்துவிட்டது. கடைசியில் வாயைத் திறந்தாள்.

"இன்னாய்யா இது, சொதசொதன்னு? காய வெச்சிக் குடுக்கத் தெரியாது?"

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது.

"முதல் உப்பு ஈரமாத்தான் இருக்கும்! தெரிஞ்சா பேசு, தெரியலன்னா சும்மா இரு!" என்று கத்தினார் கரண்டி மாமா.

கத்திவிட்டு அவரே பயந்து வாயைப் பொத்திக்கொண்டார். கலா அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "அப்பிடி வா வழிக்கு!" என்றாள். பிறகு மினி லாரி டிரைவர் பக்கம் திரும்பி, "ஏம்பா, சாமானை எறக்கு" என்று குரல் கொடுத்தாள். ஏற்றுக்கூலியோடு இறக்குக்கூலியும் வேண்டும் என்று டிரைவர் ஆரம்பிக்க, அங்கேயே அடுத்த சண்டை தொடங்கிவிட்டது. இந்த முறை மாமாவும் அவள் பக்கத்தில் நின்று, தெரிந்தவரைக்கும் ஒத்தாசையாகக் கத்தினார்.

கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். பவித்ரா ஹாஸ்டலிலிருந்து வந்து, இருவருக்கும் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். அதுவரை எனக்கு அக்காவாக இருந்த கலா, ஒரே நாளில் அத்தையானாள். இப்போது அந்த வீட்டில் தினமும் சண்டை. காலையில் காபிக்குச் சர்க்கரை பற்றி ஆரம்பித்து, ராத்திரி கொசுவலை பற்றி முடிகிறது. மாமாவுக்கு இன்னும் முழுசாகக் கைவரவில்லை. நன்றாகக் கத்திக்கொண்டு போவார், நடுவில் "அப்பிடித்தானுங்களே?" என்று மரியாதை வந்து விழுந்துவிடும். அத்தை அதைத் திருத்துவாள். வாரக் கடைசியில் பவித்ரா வந்தால் அவளும் சேர்ந்துகொள்வாள். அப்பாவோடு போட்ட சண்டைகளை ஹாஸ்டலில் சொல்ல இப்போது அவளிடம் நிறைய இருக்கிறது.

அந்த நீளக் கரண்டி இப்போது அத்தையின் கடையில், சாம்பார் அண்டாவில் இருக்கிறது. அதன் நீளத்துக்கு ஏற்ற அண்டாவாகப் பார்த்து வாங்கினாள்.

நான் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் மாமா பஸ் நிறுத்தத்துக்கு வந்து, அண்டாவிலிருந்து உருவிக் கழுவிக்கொண்டு வந்த கரண்டியில் உப்புப் பொட்டலத்தை வைத்து, ஜன்னல் வழியாக உள்ளே நீட்டுவார். பக்கத்து சீட்டுக்காரர்கள் மிரண்டு தலையைக் குனிந்துகொள்வார்கள். "படிச்ச பொண்ணு. உன்னாண்ட சண்டை போட்டா நான் ஜெயிக்க முடியாது காலேஜு" என்பார்.

போன முறை வந்தபோது அவரிடம் கரண்டி இல்லை. பஸ் கிளம்பிவிட்டது. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு பஸ்ஸோடு ஓடிவந்து, என் கையைப் பிடித்து அதில் அழுத்தினார்.

"சண்டை வந்தா வரட்டும் காலேஜு" என்று கத்தினார். "அதைச் சாக்கு வெச்சாவது நீ அடிக்கடி ஊருக்கு வருவ இல்ல?"

அந்த உப்பு என் சமையலறையில் இன்னும் இருக்கிறது. அவரோடு எதற்காகச் சண்டை போடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. எதற்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் ஆரம்பித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.